ஏரோப்ளேன் ஓடறது பெட்ரோல்லயா, டீசல்லயா?

கிழக்குத் தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஏறியிருக்கிறீர்களா? ஏறியிருந்தால் டீசல் எஞ்சினைப் பற்றி உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சிக்னலில் நிற்கும்போது பல்செட் கட்டாதவர்களுக்கும் பல் ஆடும். டிபன் பாக்ஸில் எடுத்துப்போன தயிர் சாதம் மேடவாக்கம் போய்ச் சேர்வதற்குள் மோர் சாதம்!

அப்படி ஒரு காலை, கேம்ப் ரோடு சிக்னல். தலைக்கு மேலே ஏர்ஃபோர்ஸின் பயிற்சி விமானம் ஒன்று 'ஞொய்ங்' என்று வட்டமடித்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், அது பெட்ரோலா, டீசலா?"

வண்டியில் எட்டுப் பேர். அத்தனை பேரும் ஆபீஸ் போகிற, படித்த ஜனம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பின்ஸீட் ஆசாமி ஒருவர், "கேஸா இருக்கும்ப்பா" என்றார்.

எனக்கு மானம் போயிற்று. வருஷக் கணக்கில் சேலையூரில் குடியிருந்து, தினம் அந்தச் சத்தத்தில் கண் விழிக்கிறவன். இதுகூடத் தெரியாதா? சாயங்காலம் நேரே பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கே இருப்பவர் விமானப்படையில் எஞ்சின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் 'சார்ஜன்ட் மாமா'.

"ரெண்டும் இல்லப்பா. மண்ணெண்ணெய்" என்றார், காபியை ஆற்றிக்கொண்டே.

விளையாடவில்லை. தாம்பரத்தில் விமானப்படையின் ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல் இருக்கிறது. அம்பாலாவிலிருந்து 1954-ல் இங்கே வந்தது. பறக்கச் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார்களுக்கே வாத்தியார் பள்ளிக்கூடம். அங்கே இப்போது பறப்பது ஸ்விட்சர்லாந்தின் பிலாட்டஸ். அதில் இருப்பது டர்பைன் எஞ்சின். அது குடிப்பது ஏ.டி.எஃப்., அதாவது நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய். ஜம்போ ஜெட்டுக்கும் அதேதான்.

"அதுக்கு முன்னாடி ஹெச்.பி.டி.-32 இருந்தது. பெட்ரோல் வண்டி" என்றவர், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்தக் கதை வேடிக்கை இல்லை. ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தயாரித்த 'தீபக்' அது. 1984-ல் படையில் சேர்ந்தது. 260 குதிரைசக்தி பெட்ரோல் எஞ்சின். 17 விபத்துகள், 19 விமானிகள் பலி. பல தடவை நடுவானில் எஞ்சின் நின்றுபோனதுதான் தகராறு. சந்தேகம் திரும்பத் திரும்ப எரிபொருள் வருகிற வழி மேலேயே விழுந்தது. 2009 ஜூலை 31-ம் தேதி ஹைதராபாத் பக்கம் ஒன்று விழுந்து இரண்டு பயிற்சியாளர்கள் இறந்தார்கள். அதோடு அத்தனை தீபக்கையும் தரையில் கட்டிப்போட்டுவிட்டார்கள்.

பெட்ரோலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சூடு பட்டால் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் பழைய அம்பாசடர் பாதி வழியில் நின்றுபோய், டிரைவர் ஈரத்துணியைப் பிழிந்து பெட்ரோல் பம்ப் மேல் போட்டதைப் பார்த்த தலைமுறைதானே நாம்? ரோட்டில் ஈரத்துணி போடலாம். மூவாயிரம் அடி உயரத்தில் யார் இறங்கிப் போய்ப் போடுவது?

சின்ன விமானத்துக்கான பெட்ரோல் நம் பங்க் பெட்ரோலும் இல்லை. 'அவ்காஸ்' என்று தனி ரகம். நம் கார்களிலிருந்து 2000-த்தோடு விரட்டிவிட்ட ஈயம் அதில் இன்னும் இருக்கிறது. இந்தியாவுக்கு அது வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்ததே 2022 செப்டம்பரில்தான். ஏ.டி.எஃப். அப்படியில்லை, பெரிய ஏர்போர்ட் எதிலும் கிடைக்கும்.

"அப்போ எல்லாத்துக்கும் டர்பைன் வெச்சுட வேண்டியதுதானே மாமா?"

"உங்கப்பனா காசு குடுப்பான்?"

ஃப்ளையிங் கிளப்புக்குக் கட்டுப்படியாகாத விலை. இங்கேதான் நம்ம ஷேர் ஆட்டோ ஜாதி உள்ளே வருகிறது. டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் ப்ளக் கிடையாது. காற்றைப் பதினெட்டில் ஒரு பங்காக நசுக்கினால் அதுவே பழுக்கக் காய்ந்துவிடும். அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். டீசலானால் என்ன, மண்ணெண்ணெயானால் என்ன? சின்ன விமானத்துக்கும் ஏ.டி.எஃப். ஊற்றலாம்!

யோசனை புதிதில்லை. அமெரிக்காவில் பேக்கார்ட் கம்பெனி 1928-லேயே டீசலில் பறந்து காட்டியது. 1931-ல் அந்த எஞ்சின் வைத்த விமானம் வழியில் எண்ணெய் நிரப்பாமல் 84 மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே இருந்தது. ஜெர்மனியில் யுங்கர்ஸும் செய்தார்கள். பிறகு ஜெட் வந்து எல்லாம் மூலைக்குப் போயிற்று.

தூசி தட்டி எடுத்தவர்கள் ஜெர்மனியின் டீலர்ட் கம்பெனி. பென்ஸ் ஏ-கிளாஸ் காரின் டீசல் எஞ்சினை எடுத்து, மாற்றி, 2002-ல் விமானத்துக்குச் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். (நம்ம ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரி செய்கிறார்களே, அதற்கு இது தூரத்துப் பங்காளி!) 2004-ல் இந்த எஞ்சின் இரண்டு பூட்டிய டைமண்ட் டிஏ-42, கனடாவிலிருந்து போர்ச்சுகலுக்கு அட்லாண்டிக்கை ஒரே மூச்சில் தாண்டியது. பன்னிரண்டரை மணி நேரம். மணிக்குச் சுமார் 22 லிட்டர்தான், அதுவும் இரண்டு எஞ்சினுக்கும் சேர்த்து. ஒற்றை பெட்ரோல் எஞ்சின் செஸ்னாவே மணிக்கு முப்பது லிட்டருக்கு மேல் குடிக்கும்.

விமானிக்கும் சுகம். பெட்ரோல் எஞ்சினில் உயரத்துக்குத் தக்கபடி காற்று, எண்ணெய்க் கலவையைக் கையால் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். இதில் ஒரே லீவர், மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் வில்லங்கம். 2007 மார்ச், ஜெர்மனியின் ஸ்பையர் விமான நிலையம். டிஏ-42 ஒன்றின் பேட்டரி செத்துக் கிடந்தது. வெளியிலிருந்து கரண்ட் கொடுத்து ஸ்டார்ட் செய்து கிளம்பிவிட்டார்கள். தரையை விட்டதும் சக்கரத்தை மடக்க மோட்டார் ஓடியது. கரண்ட் சட்டென்று இறங்க, கம்ப்யூட்டர்கள் கண்ணை மூடின. இரண்டு எஞ்சினும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன! நல்லவேளை, உயிர்ச்சேதமில்லை.

பழைய டீசல் பஸ் பேட்டரியைக் கழற்றி எறிந்தாலும் ஓடும். காசு கொடுத்து வாங்கிய இந்த மேல்நாட்டு டீசலுக்கு அந்த ஒரு நல்ல குணம் போய்விட்டது. அதற்கப்புறம் கம்ப்யூட்டருக்கென்றே தனியாக ஒரு பேட்டரி வைத்தார்கள்.

உதறலும் சும்மா விடவில்லை. அதோடு, எஞ்சின் சுற்றுகிற வேகம் புரொப்பெல்லருக்கு ஆகாது என்று நடுவில் கியர்பாக்ஸ். டீலர்ட் எஞ்சினில் 300 மணிக்கு ஒரு தரம் அதைக் கழற்றிச் சோதிக்க வேண்டும். எண்ணெயில் மிச்சம் பிடித்தது அங்கே போனது. 2008-ல் கம்பெனியே திவால். டைமண்ட்காரர்கள் ஆஸ்ட்ரோ என்று சொந்த எஞ்சின் செய்து 2009-ல் சான்றிதழ் வாங்கினார்கள். இதுவும் பென்ஸ் கார் வழிதான். 168 குதிரைசக்திக்கு 185 கிலோ கனம். பெட்ரோல் எஞ்சின் இதைவிட இளைத்தது.

இத்தனைக்குப் பிறகும் என் ஓட்டு டீசலுக்குத்தான். உத்தரப் பிரதேசம் ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசின் விமானப் பயிற்சி அகாடமியில் பையன்கள் டிஏ-42-ல் பழகுகிறார்கள். நம் டி.ஆர்.டி.ஓ.வின் ஆளில்லா விமானம் 'தபஸ்'ஸுக்கும் டீசல்தான். அதற்கு அகமத்நகரில் நாமே எஞ்சின் செய்தும் பார்த்திருக்கிறார்கள்.

மறுநாள் அதே ஆட்டோ கிடைத்தது. வழி நெடுக எல்லாவற்றையும் ஒப்பித்தேன். டிரைவர் பெருமையாக டேஷ்போர்டைத் தட்டினார். "அப்ப நம்ம வண்டியும் ப்ளேன் ஜாதிதான்னு சொல்லுங்க."

சொல்லி வாய் மூடவில்லை. கேம்ப் ரோடு சிக்னலில் வண்டி ஒரு உதறு உதறிவிட்டு நின்றது. சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது, அவ்வளவுதான்.

"பேட்டரி டவுன் சார். டீசல் வண்டிதானே, எறங்கித் தள்ளினா கெளம்பிடும்."

பின்ஸீட் 'கேஸ்' ஆசாமி உட்பட எட்டுப் பேரும் இறங்கித் தள்ளினோம். தலைக்கு மேலே பிலாட்டஸ் 'ஞொய்ங்' என்று போய்க்கொண்டிருந்தது.