டாப்ஸ்பின் ஃபோர்ஹேண்ட்: ஓங்கி அடிச்சாலும் பந்து கோட்டுக்குள் விழுவது எப்படி? டென்னிஸ் பழகுவோரும் பெற்றோரும் தெரிஞ்சுக்க வேண்டியவை

"மெதுவா அடிச்சா எதிராளி ஏறி அடிச்சிடுறான். வேகமா அடிச்சா பந்து கோட்டைத் தாண்டிப் போயிடுது. என்னதான் பண்றது?"

டென்னிஸ் பழகத் தொடங்கி சில மாதங்கள் ஆன யாரைக் கேட்டாலும் இந்தப் புலம்பல் வரும். மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில் பழகும் பள்ளி மாணவராக இருந்தாலும் சரி, ஊருக்கு வெளியே கல்லூரி சிமென்ட் கோர்ட்டில் ஆடும் 40 வயதுக்காரராக இருந்தாலும் சரி, எல்லோரும் வந்து முட்டி நிற்கும் இடம் இதுதான்.

இந்தச் சிக்கலுக்கான விடை டாப்ஸ்பின். டிவியில் பார்க்கும்போது ஏதோ பெரிய வீரர்களின் வித்தை போலத் தெரியும். உண்மையில், பந்தைப் பத்திரமாக உள்ளே போடுவதற்கான வழி அது. எப்படி வேலை செய்கிறது, எந்த வரிசையில் பழக வேண்டும், குழந்தைகள் விஷயத்தில் எதில் கவனமாக இருக்க வேண்டும்? வாங்க, பார்க்கலாம்.

டாப்ஸ்பின் என்றால் என்ன?

ஓடும் சைக்கிளின் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் மேல்பக்கம் முன்னோக்கிச் சுழலும். அடித்த பந்தும் அதே மாதிரி முன்பக்கமாகச் சுழன்றுகொண்டே வலையைத் தாண்டினால், அதுதான் டாப்ஸ்பின். எதிர்ப்பக்கமாகச் சுழன்றால் அது ஸ்லைஸ்.

இந்தச் சுழற்சி இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, பந்து வழக்கத்தைவிடச் சீக்கிரம் கீழே இறங்கும். இரண்டு, தரையில் பட்டதும் எகிறி எழும்பும். முதலாவது உங்களுக்குப் பாதுகாப்பு. இரண்டாவது எதிராளிக்குத் தலைவலி.

வேகம் கூடினால் ஜன்னல் சுருங்கும்

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். டென்னிஸ் கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர். வலையின் உயரம் நடுவில் 91.4 செ.மீ. நீங்கள் பேஸ்லைனில் நின்று, தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில், எதிரே நேராக அடிக்கிறீர்கள். பந்தில் சுழற்சி இல்லை. காற்றின் தடையையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அடித்தால், பந்து வலைக்கு மேலே சுமார் 48 செ.மீ. உயர இடைவெளிக்குள் போக வேண்டும். அதற்கு மேலே போனால் அவுட். பூக்காரம்மா கையால் அளந்து தரும் ஒரு முழம் மல்லிகை இருக்கிறதே, ஏறத்தாழ அந்த அளவுதான் உங்களுக்குக் கிடைக்கும் ஜன்னல்.

அதே பந்தை 130 கி.மீ. வேகத்தில் அடித்தால்? ஜன்னல் சுமார் 12 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். அரை சாண்! நிஜத்தில் காற்றின் தடை இருப்பதால் இந்த அளவுகள் கொஞ்சம் கூடும். ஆனால் வேகம் கூடக்கூட ஜன்னல் சுருங்கும் என்பது மாறாது.

வேகமாக அடித்தால் பந்து ஏன் வெளியே போகிறது என்பதற்கு இதுதான் காரணம். பந்து கீழே இறங்க நேரமே கிடைப்பதில்லை. இங்கதான் டாப்ஸ்பின் கைகொடுக்குது. பந்தைக் கீழே இழுக்க புவியீர்ப்புக்குத் துணையாக இன்னொரு விசை வந்து சேர்கிறது.

காற்று எப்படி பந்தை அமுக்குகிறது?

முன்பக்கமாகச் சுழலும் பந்து, தன்னைச் சுற்றி ஓடும் காற்றைப் பின்னால் மேல்நோக்கித் திருப்பி விடுகிறது. பந்து காற்றை மேலே தள்ளினால், காற்று பந்தைக் கீழே தள்ளும். அவ்வளவுதான் விஷயம். பந்தின் மேலுள்ள பஞ்சு போன்ற உறை காற்றைப் பிடித்துக்கொள்வதால் இந்த விளைவு நன்றாகவே தெரியும்.

1852-ல் இதை ஆராய்ந்த ஜெர்மனி விஞ்ஞானி குஸ்டாவ் மேக்னஸின் பெயரால் இது மேக்னஸ் விளைவு எனப்படுகிறது. அதற்கு முன்பே, 1672-ல் எழுதிய ஒரு கடிதத்தில், சாய்ந்த மட்டையால் அடிக்கப்பட்ட டென்னிஸ் பந்து வளைந்து போவதைப் பார்த்திருப்பதாக ஐசக் நியூட்டன் குறிப்பிட்டிருக்கிறார்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இது புதுசு இல்லை. அஸ்வின் வீசும் பந்து பேட்ஸ்மேன் எதிர்பார்த்த இடத்துக்கு முன்பே 'டிப்' ஆகி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் இருப்பதும் இதே இயற்பியல்தான்.

சென்னை நேரில் பார்த்த டாப்ஸ்பின்

டாப்ஸ்பின் என்றாலே நினைவுக்கு வரும் பெயர் ரஃபேல் நடால். உயர்வேக கேமராக்களால் வீரர்களின் அடிகளைப் பதிவு செய்த அமெரிக்கப் பயிற்சியாளர் ஜான் யாண்டெல், நடாலின் ஃபோர்ஹேண்ட் சராசரியாக நிமிடத்துக்கு 3,200 முறை சுழல்வதாகக் கணக்கிட்டார். ஃபெடரருக்கு சுமார் 2,700. சாம்ப்ராஸ், அகாஸிக்கு 1,800 முதல் 1,900 வரை. நம் வீட்டு சீலிங் ஃபேன் முழு வேகத்தில் ஓடினாலே நிமிடத்துக்கு 300 முதல் 400 சுற்றுதான்.

அந்த ஃபோர்ஹேண்டை தமிழ்நாடு நேரிலேயே பார்த்திருக்கிறது. 2008 சென்னை ஓபன் அரையிறுதியில், சக நாட்டவரான கார்லோஸ் மோயாவை கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் போராடி வென்றார் நடால். மூன்று செட்டுகளும் டைபிரேக் வரை போயின. ஆனால் அடுத்த நாள் இறுதிப்போட்டியில் ரஷ்யாவின் மிகைல் யூஸ்னியிடம் 0-6, 1-6 எனத் தோற்றார். கால் களைத்துவிட்டால் எந்த ஃபோர்ஹேண்டும் காப்பாற்றாது என்பதற்கும் அதே வாரம் சாட்சி.

அண்மை உதாரணமும் உண்டு. 2025 பிப்ரவரியில், தகுதிச்சுற்றில் இருந்து வந்து மும்பை ஓபன் டபிள்யூ.டி.ஏ. 125 போட்டியின் அரையிறுதியை எட்டிய கோவையின் மாயா ராஜேஸ்வரன், அதன்பின் ஸ்பெயினில் உள்ள நடால் அகாடமியில் பயிற்சிக்குச் சேர்ந்தார்.

அப்போ பழைய தலைமுறை?

நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனவர். அவர் பலம் டாப்ஸ்பின் அல்ல. பந்தை இடம் பார்த்து வைக்கும் நேர்த்திதான் அவர் ஆட்டம். 1961-ல் அவரை வென்று பட்டத்தையும் தட்டிச்சென்ற ராட் லேவர், மர ராக்கெட்டிலேயே டாப்ஸ்பின் அடித்துக் காட்டியவர்.

அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணனும் அதே பாணிதான். 1989 ஆஸ்திரேலிய ஓபனில், அப்போது உலகின் நம்பர் 1 ஆக இருந்த மேட்ஸ் விலாண்டரை நேர் செட்களில் வீழ்த்தினார். விலாண்டர் டாப்ஸ்பின் ஆட்டக்காரர்! ஆக, டாப்ஸ்பின் இல்லாமல் ஜெயிக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் காலம் மாறிவிட்டது. மர ராக்கெட்டின் தலை சிறியது. பந்தைக் கீழிருந்து மேலே தேய்த்தால் விளிம்பில் பட்டுத் தெறித்துவிடும். இன்றைய ராக்கெட்டுகளின் தலை பெரியது, எடையும் குறைவு. 1997-ல் குஸ்டாவோ குயர்டன் பிரெஞ்சு ஓபனை வென்ற பிறகு பரவிய பாலியஸ்டர் நரம்புகள், பந்து படும்போது பக்கவாட்டில் வழுக்கி, சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பும். அந்த உதறல் கூடுதல் சுழற்சியைத் தருகிறது. ஓங்கி அடிப்பது எல்லோருக்கும் எளிதாகிவிட்ட இந்தக் காலத்தில், டாப்ஸ்பின் அடிப்படைத் தேவை ஆகிவிட்டது.

எப்படிக் கற்றுக்கொள்வது? 5 படிகள்

1. பிடி: ராக்கெட்டோடு கைகுலுக்குவது போலப் பிடித்தால் அது ஈஸ்டர்ன் பிடி. தரையில் படுத்துக் கிடக்கும் ராக்கெட்டை அப்படியே மேலிருந்து பற்றி எடுத்தால் வெஸ்டர்ன். இரண்டுக்கும் நடுவே இருப்பது செமி வெஸ்டர்ன். இன்று பெரும்பாலானோர் டாப்ஸ்பினுக்குப் பயன்படுத்துவது இதைத்தான். புதிதாகப் பழகுபவர்கள் ஈஸ்டர்னில் தொடங்கி மெதுவாக இதற்கு நகரலாம்.

2. தோள் திரும்பணும்: பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்தவுடன் கையை மட்டும் பின்னால் இழுக்காமல், இடுப்பும் தோளும் சேர்ந்து திரும்ப வேண்டும்.

3. ராக்கெட் தலை பந்துக்குக் கீழே: இதுதான் உயிர்நாடி. அடிக்கும் முன் ராக்கெட்டின் தலை பந்தின் உயரத்தைவிடக் கீழே இறங்கியிருக்க வேண்டும். முழங்காலையும் கொஞ்சம் மடக்குங்கள்.

4. உடம்புக்கு முன்னால் தொடணும்: இடுப்பு உயரத்தில், உடம்புக்குச் சற்று முன்னால் பந்தைத் தொடுங்கள். அந்த நேரத்தில் ராக்கெட்டின் முகம் கிட்டத்தட்ட செங்குத்தாக இருக்கட்டும். அசைவு முன்னோக்கியும் மேல்நோக்கியும் சேர்ந்து போகணும்.

5. தோளுக்கு மேலே முடிக்கணும்: பந்து போன பிறகும் கையை நிறுத்தாமல், எதிர்த் தோள் வரை கொண்டுபோய் முடியுங்கள்.

"மணிக்கட்டைச் சுழட்டு" என்பது சரியா?

மைதானங்களில் அடிக்கடி கேட்கும் சத்தம் இது. பந்தின் மேல் ராக்கெட்டை உருட்டினால்தான் சுழற்சி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பந்து நரம்பில் ஒட்டியிருக்கும் நேரம் வெறும் 5 மில்லி செகண்ட், அதாவது ஒரு நொடியில் 200-ல் ஒரு பங்கு. அதற்குள் எதையும் உருட்ட முடியாது.

டிவியில் நடாலின் மணிக்கட்டு புரள்வது போலத் தெரிவது பந்து போன பிறகு நடப்பது. சுழற்சியைத் தீர்மானிப்பது ராக்கெட் கீழிருந்து மேலே போகும் பாதையும் அதன் வேகமும்தான். மணிக்கட்டை வலுக்கட்டாயமாகத் திருப்பினால் பந்து வலையில் முட்டும், கை வலிக்கும்.

இன்னொரு பக்கம், பந்தை வெறுமனே தேய்ப்பதும் தவறுதான். அப்படி அடித்தால் சுழற்சி இருக்கும், வேகம் இருக்காது. பந்து சர்வீஸ் கோட்டுக்குள்ளேயே விழுந்து, எதிராளிக்கு அல்வா மாதிரி அமைந்துவிடும்.

குழந்தைகள் விஷயத்தில் என்ன கவனிக்கணும்?

இங்கதான் பெற்றோர் அவசரப்படுகிறார்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு 27 அங்குல பெரியவர் ராக்கெட்டும் மஞ்சள் பந்தும் கொடுத்தால் என்ன ஆகும்? பந்து தலைக்கு மேலே எகிறும். அதைச் சமாளிக்க, குழந்தை தானாகவே பிடியை அளவுக்கு மீறித் திருப்பிக்கொள்ளும். பிறகு அதை மாற்றுவது கடினம்.

அதற்காகவே மெதுவான பந்துகள் இருக்கின்றன. வழக்கமான மஞ்சள் பந்தைவிட சிவப்பு 75 சதவீதமும், ஆரஞ்சு 50 சதவீதமும், பச்சை 25 சதவீதமும் மெதுவானவை. 10 வயது மற்றும் அதற்குக் கீழான போட்டிகளில் இவற்றையே பயன்படுத்த வேண்டும் என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012-ல் விதி கொண்டுவந்தது. ராக்கெட்டும் 19 அங்குலத்தில் தொடங்கி குழந்தையின் உயரத்துக்கு ஏற்பக் கிடைக்கிறது.

விறைப்பான பாலியஸ்டர் நரம்பு குழந்தைகளுக்கு வேண்டாம். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் அதிர்வு அதிகம் போகும். அவர்களுக்கு மென்மையான நரம்பே போதும். வலி என்று குழந்தை சொன்னால் "பழகப் பழகச் சரியாயிடும்" என்று தள்ளிவிடாமல், பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

சேர்க்கும் முன் பயிற்சியாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த நிறப் பந்தில் தொடங்குவீர்கள்? என் பிள்ளைக்கு எத்தனை அங்குல ராக்கெட்? ஒரு கோர்ட்டில் எத்தனை பேர்? பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

மதுரை வெயிலும் பந்தும்

வெயிலில் சூடான பந்துக்குள் அழுத்தம் கூடும். பந்து இன்னும் எகிறும். டாப்ஸ்பின்னும் சேர்ந்தால் பந்து தோள் உயரத்துக்கு வரும். பழகுபவர்களுக்கு அது சிரமம். கோடையில் காலை 6 முதல் 8 மணிக்குள், அல்லது மாலை 5 மணிக்குப் பிறகு பழகுவது உடம்புக்கும் நல்லது, அடிக்கும் நல்லது. உறை தேய்ந்து மொட்டையான பந்துகளில் சுழற்சியின் விளைவு சரியாகத் தெரியாது. அவற்றை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

கோர்ட் கிடைக்காவிட்டால்?

ஒரு சுவரும் ஒரு கயிறும் போதும்.

பந்தைச் சுவரில் வைத்து ராக்கெட்டால் அமுக்கி, அப்படியே மேலே இழுங்கள். பந்து சுவரில் உருண்டு மேலே ஏறும். கீழிருந்து மேலே போகும் பாதையைக் கை கற்றுக்கொள்ள இது எளிய வழி.

அடுத்து, பந்தைச் சுற்றி மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கோடு நிமிர்ந்து நிற்கும்படி கையால் கீழே விட்டு, எழும்பும்போது அடியுங்கள். கோடு முன்னோக்கி நேராகச் சுழன்றால் சரி. தள்ளாடினால் ராக்கெட் பக்கவாட்டில் இழுக்கிறது என்று அர்த்தம்.

கோர்ட் கிடைக்கும் நாளில், வலைக்கு மேலே 1 மீட்டர் உயரத்தில் ஒரு கயிறு கட்டுங்கள். கயிற்றுக்கு மேலே போய், கோட்டுக்குள் விழ வேண்டும். முதலில் பாதி வேகத்தில் 10 பந்துக்கு 7 உள்ளே வரட்டும். பிறகு வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். கயிற்றைத் தாண்டிய பந்து, ஓங்கி அடித்தும் கோட்டுக்குள் இறங்குகிறதா? அப்போது உங்கள் டாப்ஸ்பின் வேலை செய்யத் தொடங்கிவிட்டது.