மூவர் துறந்த உத்தியோகம்

மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியாக ரிவஸ்டன் மலையைக் கடந்து லக்கலைக்கு இறங்குகிறவர், வழியில் சற்றே நின்று பாராமற் போவதரிது. படிப்படியாய் விரியும் வயலும் அதன்மேற் கவியும் பனியுமாக, இயற்கை கமராவுக்கென்றே காத்துக் கிடப்பது போலத் தோன்றும். இத்தகைய ஊர்கள் நாடெங்கும் இருக்க, சிங்களப் படத்துக்கு வேண்டிய கிராமத்தைத் தென்னிந்திய ஸ்டூடியோக்களிலே பலகையும் சாயமும் கொண்டு சமைத்தார்கள் என்றால் இன்றைய இளைஞர் நம்புவாரோ? 1947இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமாகிய ‘கடவுனு பொறொந்துவ’, எஸ். எம். நாயகத்தின் முயற்சியால் மதுரையிலே எடுக்கப்பட்டது. நாயகத்தின் துணிவை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. ஆயினும் பின்வந்தோர் அந்தக் கூடத்தை விட்டு வெளியே வர அஞ்சினர் என்பதும் உண்மையே.

அவ்வச்சத்தை உடைத்தவர்கள் அரசாங்கத் திரைப்படப் பிரிவில் மாதச் சம்பளம் பெற்றுவந்த மூவர்: இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்த. 1955இல் உத்தியோகத்தை உதறிவிட்டு, ‘சித்ர லங்கா’ என்னும் சிறு நிறுவனத்தின் பெயரால் ‘ரேகாவ’ படத்தைத் தொடங்கினர். லெஸ்டரோ ஆங்கிலம் பேசும் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். லண்டனிற் பத்திரிகைத் தொழில் பார்த்தவர். கிராமத்தை அவர் தேடிச் சென்றே அறியவேண்டியிருந்தது. பிறப்பால் அறிந்தவன் காணத் தவறுவதைத் தேடிச் சென்றவன் காண்பதுண்டன்றோ!

கைரேகையில் வைத்தியனாகும் யோகம் உண்டெனச் சொல்லப்பட்ட சிறுவன், கண்ணொளி இழந்த தோழி, ஊரைப் பீடித்த வறட்சி, அதற்குச் சிறுவன்மேலேயே பழி போடும் ஊரார்: இவ்வளவே கதை. பெரும்பாலும் வெளிப்புறத்திலே, வெயிலையே விளக்காகக் கொண்டு பிளேக் படம் பிடித்தார். 1956 டிசம்பரில் படம் திரைக்கு வந்தது. மறு ஆண்டு கான் விழாவின் போட்டியிலும் இடம் பெற்றது. உள்ளூரிலோ வசூல் இல்லை! ஆடலும் பாடலும் அடிதடியும் எதிர்பார்த்த ரசிகர் கைவிட்டனர்.

சம்பளத்தையும் துறந்து முதற்படத்திலும் தோற்றவர்கள் பின் என்ன செய்தார்கள்? லெஸ்டரின் அடுத்த படமாகிய ‘சந்தேசய’ 1960இல் வந்தது. அதற்கு முதலிட்டவர் தமிழ் வணிகரான கே. குணரத்தினம். போர்த்துக்கேயர் காலக் கதையாகிய அப்படம் நன்றாக ஓடியது. அந்த வெற்றியே தொழிலென்று லெஸ்டர் நின்றுவிடவில்லை. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவி, பாட்டும் கூத்தும் நீக்கி, 1963இல் ‘கம்பெரலிய’வை எடுத்தார். ஒளிப்பதிவு மீண்டும் பிளேக். தொகுப்பு, பின்னாளிலே தாமும் இயக்குநராய்ப் புகழ்பெற்ற சுமித்திரா. 1965இல் புதுடில்லி விழாவில் அதற்குத் தங்கமயில் விருது கிடைத்தது. லெஸ்டர் 2018இல் தொண்ணூற்றொன்பதாம் வயதிற் காலமாகும்வரை, சிங்களப் படக்கலையின் தந்தை என்றே போற்றப்பட்டார்.

தொட்டவத்தவின் பாதை வேறு. விமர்சகர் அவரைப் பற்றி எழுதியது போதாதென்பது என் கருத்து. ரசிகரின் நாடித்துடிப்பை மூவருள் அவரே நன்கறிந்தவர். 1965இல் காமினி பொன்சேகாவைக் கொண்டு ‘சண்டியா’ எடுத்தார். 1979இல் சிறுவருக்காக ‘ஹந்தயா’ எடுத்தார். ரூபவாஹினி தோன்றியபின் அந்நிய நாட்டுக் கேலிச்சித்திரங்களைச் சிங்களத்துக்குக் கொண்டுவரும் பணியில் இறங்கினார். வெறும் மொழிபெயர்ப்பன்று அது. அமெரிக்கத் தெருப் பூனை, ‘பிஸ்ஸு பூஸா’ என்னும் பெயர் பூண்டு, நம்மூர்ச் சந்தியில் நிற்பவனைப் போலவே வாயாடிற்று. 2011இல் அவர் மறைந்தபோது, அந்தப் பூனையோடு வளர்ந்த பிள்ளைகள் பெற்றோராகி விட்டிருந்தனர்.