சட்டியில் வந்ததா, ரத்தத்தில் வந்ததா?

ஒரே வீட்டில் இரண்டு பேருக்குப் புற்றுநோய் வந்துவிட்டால் நம் தோட்டங்களில் பேச்சு எப்படிப் போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. “அந்தக் குடும்பத்து ரத்தமே அப்படி” என்பார்கள். பெண் கேட்டு வந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார்கள். வீட்டுக்காரர்களோ அதற்குப் பயந்து வாயே திறப்பதில்லை. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கேட்டால்கூட, “அப்பா வயசாகித்தான் போனாரு” என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் உண்டு. ரத்தத்தில் வருவது எது, வராதது எது என்று தெரியாததால்தான் ஒரு பக்கம் பழியும் மறுபக்கம் ஒளிப்பும் நடக்கின்றன. இதை விளக்குவதற்குப் பித்தக் குழாய்ப் புற்றுநோயைப் போல நல்ல உதாரணம் வேறு எனக்குத் தெரியவில்லை.

ஈரலில் ஊறும் பித்தநீர் மெல்லிய குழாய்கள் வழியாக ஒன்றுசேர்ந்து குடலில் போய் விழுகிறது. பால்மரத்தில் வெட்டுக் கோட்டின் வழியே பால் இறங்கி மங்கில் விழுகிறதல்லவா, ஏறக்குறைய அப்படித்தான். அந்தக் குழாயின் உட்புறத் தோலில் உண்டாவதே இந்தப் புற்று. உலகின் பெரும்பாலான நாடுகளில் இது அபூர்வமானது. ஆனால் நம் பக்கத்து நாடான தாய்லாந்தின் வடகிழக்கில், ஈசான் என்ற நெல் விளையும் பூமியில், உலகிலேயே அதிகமாகக் காணப்படுகிறது. கோன் கேன் என்பது அங்கே உள்ள பெரிய ஊர்.

அந்தப் பக்கத்துக் கிராம மக்கள் ‘கோய் பிளா’ என்று ஒரு பதார்த்தம் செய்வார்கள். ஆற்றிலும் குளத்திலும் பிடித்த சின்ன மீனைப் பச்சையாகவே கொத்தி, எலுமிச்சைச் சாறு பிழிந்து, மிளகாயும் தழையும் வறுத்த அரிசிப் பொடியும் கலந்து சாப்பிடுவார்கள். ஏழைக்குக் கைக்கெட்டிய உணவு. ருசியானது என்றும் சொல்கிறார்கள். அதைக் குறை சொல்ல நாம் யார்? சங்கடம் என்னவென்றால், அந்த மீனின் சதைக்குள் ஒரு தட்டைப் புழுவின் குஞ்சு சுருண்டு கிடக்கும். எலுமிச்சைச் சாறு அதைக் கொல்லாது. நன்றாக வேகவைத்தால்தான் சாகும். வயிற்றுக்குள் போன புழு பித்தக் குழாய்க்கு ஏறி, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அளவில் வளர்ந்து, பத்து வருடங்களுக்கு மேலும் அங்கேயே குடியிருக்கும். அதன் முட்டை மலத்தோடு வெளியேறி, தண்ணீரில் நத்தைக்குள் புகுந்து, மறுபடி மீனுக்கே போய்ச் சேரும்.

மரம் சீவுகிறவர்களுக்கு நான் இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். உளி ஆழமாகப் பட்டுக் காயமான இடத்தில் பட்டை வழவழப்பாக வளர்வதில்லை. முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். குழாய்க்குள் புழு உண்டாக்கும் காயமும் ஆறுவதும் மறுபடி புண்ணாவதுமாக வருடக்கணக்கில் நடக்கும்போது, ஒருநாள் வளர்ச்சி தறிகெட்டுப் போகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994ஆம் ஆண்டிலேயே இந்தப் புழுவை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்திவிட்டது. புழுவைக் கொல்ல மாத்திரை உண்டு. ஆனால் மாத்திரை போட்டவர் மறுபடி பச்சை மீன் சாப்பிட்டால் புழுவும் மறுபடி வரும்.

கோன் கேன் பல்கலைக்கழகத்தில் நரோங் குந்திக்கேவ் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் இருக்கிறார். கிராமம் கிராமமாக அல்ட்ராசவுண்ட் கருவியோடு போய் மக்களைச் சோதிக்கும் வேலையில் முன்னின்றவர். அவருடைய தாய், தந்தை இருவருமே இந்த நோயில் இறந்தவர்கள். சற்று யோசியுங்கள். நம் ஊரில் என்றால் உடனே ‘பரம்பரை’ என்று முடிவு கட்டியிருப்போம். ஆனால் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் பொதுவாக இருந்தது ரத்தமா, சாப்பாட்டுச் சட்டியா? (மாமன் மகளைக் கட்டியவர்கள் இந்தக் கேள்விக்குச் சிரிக்கக்கூடும்.)

அப்படியானால் ரத்தத்துக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. புழு உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குத்தான் புற்று வருகிறது. எத்தனை புழு, எத்தனை வருடம், குடிப்பழக்கம் உண்டா என்பவற்றோடு, பிறவியில் வந்த சிறு வேறுபாடுகளும் சேர்ந்துகொள்கின்றன. உடம்புக்குள் வரும் நச்சுப் பொருளை முறித்து வெளியேற்றும் நொதிகள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைச் செய்வதற்கான மரபணுவின் பெயர் ஜி.எஸ்.டி.எம்.1. பல இனங்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த மரபணு பிறவியிலேயே கிடையாது. அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். தாய்லாந்தின் நக்கோன் பனோம் மாகாணத்தில் நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், மரபணு இல்லாமை மட்டும் தனியே ஆபத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை. புழு வந்து போனதற்கான அடையாளம் ரத்தத்தில் இருந்தவர்களுக்கே ஆபத்து மிகுந்திருந்தது. அவர்களுக்குள்ளும் அந்த மரபணு இல்லாதவர்களிடம் அது இன்னும் தூக்கலாக இருந்தது. மெல்லிய பட்டையுள்ள மரத்தைக் கைபழகாதவன் சீவினால் சீக்கிரம் காயம்படும். உளியே படாத மரத்தில் பட்டை மெல்லியதாக இருந்தால் என்ன, தடித்திருந்தால் என்ன?

இது ஒரு வகை. புழுவோ மீனோ தேவைப்படாமல், ரத்த வழியில் வலுவாகவே இறங்கும் வகையும் இருக்கிறது. அபூர்வம்தான், ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டியது. அதன் கதை அமெரிக்காவில், ஒரு தையல்காரப் பெண்ணிடம் தொடங்குகிறது. 1895இல் மிச்சிகனில் அவள் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற டாக்டரிடம், தன் குடும்பத்தில் எல்லாரும் குடல் புற்றிலோ கர்ப்பப்பைப் புற்றிலோதான் இறக்கிறார்கள், தனக்கும் அதுதான் கதி என்று சொன்னாள். அப்படியே கர்ப்பப்பைப் புற்றில் இளவயதில் இறந்தும் போனாள். வார்த்தின் அவள் பேச்சைத் தள்ளிவிடாமல் அந்தக் குடும்பத்தைத் தேடித் தேடி எழுதி 1913இல் வெளியிட்டார். 1960களிலிருந்து ஹென்றி லின்ச் என்ற டாக்டர் இத்தகைய குடும்பங்களை ஆராய்ந்தார். இன்று இந்த நிலைக்கு அவர் பெயரே வழங்குகிறது. அந்தக் குடும்பத்தில் பழுதுபட்டிருந்த மரபணு எது என்று 2000ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். தையல்காரி சொல்லி நூறு வருடம் தாண்டிவிட்டது!

இத்தகைய குடும்பங்களில் குடலும் கர்ப்பப்பையும்தான் முதலில் பாதிக்கப்படும். பித்தக் குழாய்ப் புற்றும் மற்றவர்களைவிடக் கூடுதலாக வரும். மார்பகப் புற்றுக்குப் பெயர்போன பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுப் பழுதும் இப்படியே. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வாங்காத பிள்ளை அதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. ஆக, குடும்பம் முழுவதையும் ஒதுக்குவதற்கு இங்கேகூட நியாயமில்லை. யாருக்கு இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம். இருப்பவருக்குக் குடலைக் கருவி விட்டுப் பார்த்து, புற்றாக மாறுமுன்னே சிறு கட்டிகளை எடுத்துவிடுகிறார்கள்.

இன்னொரு குழப்பம். நோயாளியின் கட்டியைச் சோதித்து ‘மரபணு மாறியிருக்கிறது’ என்று டாக்டர் சொன்னால் பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது கட்டிக்குள் மட்டும் பிற்பாடு ஏற்பட்ட மாற்றம். எந்த மருந்து பலிக்கும் என்று பார்ப்பதற்காகச் சோதிப்பது. அது பிள்ளைகளுக்குப் போகாது.

கண் மஞ்சளாகி, சிறுநீர் கடுந்தேத்தண்ணி போலப் போய், மலம் வெளுத்து, உடம்பு அரித்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கல்லாலும் ஈரல் அழற்சியாலும்கூட மஞ்சள் காமாலை வரும். ஆனால் வயதானவர்களுக்கு வலியே இல்லாமல் வந்தால், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, மந்திரித்துப் பார்த்து வாரங்களைக் கழிக்கக் கூடாது. இந்தப் புற்றை நேரத்தோடு கண்டால்தான் அறுத்து எடுக்க முடியும்.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: குடும்பத்தில் யாருக்குப் புற்று வந்தது, எந்த உறுப்பில், எந்த வயதில். ஐம்பது வயதுக்குள் வந்தது என்றால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். எழுதச் சொன்னால் நம்மவர்கள் அப்பா, பெரியப்பா, தாத்தாவோடு நிறுத்திவிடுகிறார்கள். தாய்மாமன், பெரியம்மா, சின்னம்மா, அம்மாச்சி என்று தாய் வழியையும் அதே தாளில் எழுதுங்கள்.