கண்ணுக்குப் புலப்படாத குறைகளும் கூட்டுத் தோட்டமும்

ஊன்றுகோலுடன் வருபவரைக் கண்டதும் நாம் வழிவிடுகிறோம். வலிப்பு, மனச்சோர்வு, தீராத உடல்வலி, ஆட்டிசம், கற்றல் குறைபாடு ஆகியவற்றால் வருந்துவோரிடம் அத்தகைய புற அடையாளம் எதுவுமில்லை. ஆதலால் அவர்கள் சோம்பேறிகள் என்றும் பிடிவாதக்காரர்கள் என்றும் பழிக்கப்படுகின்றனர். நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைகளையே ஏற்றிருந்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை 21 ஆக்கி, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் அவற்றுள் சேர்த்தது. இத்தகையோருக்குத் துணைபுரியும் எளிய முறைகளுள் ஒன்று, பலர் கூடிச் செய்யும் தோட்ட வேலையாகும்.

இக்கருத்து பழமையானது. விறகு வெட்டுதல், தோட்டத்தைக் கொத்துதல் முதலிய வேலைகளைச் செய்த மனநோயாளிகள் பலர் குணமடைந்ததை அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1812-இல் எழுதிய நூலில் குறிப்பிட்டார். பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றவர்களுள், சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர் என்று ராஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்டார். பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தின் மறுவாழ்வுப் பிரிவில் தோட்டப் பயிற்சியும் அளிக்கப்படுகிறது.

இதனால் விளையும் நன்மை யாது? உடல் அளவாக உழைக்கிறது; நாளுக்கு ஓர் ஒழுங்கு அமைகிறது. பேச விரும்பாதவரும் பிறரோடு சேர்ந்து நிற்க முடிகிறது. தம்மால் ஒன்றும் ஆகாது என்று எண்ணியிருந்தவர், தாம் நீரூற்றிய செடி துளிர்ப்பதைக் காண்கிறார்.

தோட்டம் தொடங்குவோர் முளைக்கீரையை முதலில் விதைக்கலாம். அது சில நாட்களில் முளைத்து, சுமார் 25 அல்லது 30 நாட்களில் பறிப்புக்கு வரும். குனிய இயலாதவருக்காக இடுப்பளவு உயரத்தில் மேடைப் பாத்தி அமைக்கலாம். விதைத்தல், பூவாளியால் நீர்விடுதல், களையெடுத்தல் என வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்தல் நலம். நிழலும் உட்காரும் இடமும் அருகிலேயே இருத்தல் வேண்டும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. வலிப்புள்ளவரைக் கிணற்றருகில் தனியே விடலாகாது. குளோர்புரோமசின் உட்கொள்பவரின் தோலை வெயில் எளிதில் தாக்கும். லித்தியம் உட்கொள்பவரின் உடலில் நீர் வற்றலாகாது. தோட்ட வேலை மருந்துக்கு ஈடாகாது. மருத்துவர் சொல்லாமல் எம்மருந்தையும் நிறுத்தக்கூடாது.

நேற்று இரு பாத்திகளைக் கொத்தியவர் இன்று ஒன்றும் செய்ய இயலாது அமர்ந்திருக்கக்கூடும். அது நடிப்பன்று; இக்குறைகளின் இயல்பே அது. எனவே ஆசிரியரும் களப்பணியாளரும் ஒவ்வொரு நாளும், "இன்று எவ்வளவு இயலும்?" என்று கேட்டு, வரும் விடையை நம்புதல் வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாவிடில், தோட்டமும் அவருக்கு மற்றொரு தண்டனைக்கூடமாகிவிடும்.