கட்டைவிரல் சொன்ன சேதி
வேடந்தாங்கல் போக டெலஸ்கோப் வேணும் என்று என் பையன் ஒரே பிடிவாதம். ஸ்டாண்டு இல்லாமல் 20 மடங்கு பெரிதாகப் பார்த்தால் கை நடுக்கமும் 20 மடங்கு! அதனால் 8-க்கு 40 பைனாகுலரே வாங்கினோம். 8 என்பது பெரிதாக்கும் அளவு. 40 என்பது முன்பக்க லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில்.

ஏரிக்கரையில் தூரம் கணிக்கச் சொல்லிக் கொடுத்தேன். கையை நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்தி, ஒரு கண்ணால் பார்க்கணும். கண்ணை மாற்றினால் விரல் நகர்ந்தாற்போல் இருக்கும். தூரத்து மாட்டின் நீளம் சுமார் 2 மீட்டர். இரண்டு மாட்டு நீளம் நகர்ந்தால் 4 மீட்டர். அதைப் பத்தால் பெருக்கினால், மாடு 40 மீட்டரில் நிற்கிறது.

"மாடா? எங்கேம்மா? ஒரே மங்கலா இருக்கே!" என்றான். பைனாகுலரில் மட்டும் பளிச்சென்று தெரிந்ததாம். எனக்குப் பகீரென்றது. டாக்டரிடம் காட்டினோம், கிட்டப்பார்வை. இப்போது கண்ணாடி போட்டிருக்கிறான். உங்கள் குழந்தையிடமும் ஒரு நாள் தூரத்தைக் காட்டிக் கேட்டுப் பாருங்களேன்!