போட்டாச்சு சரி, ஓடுதா?

எங்கள் பக்கத்தில் செல்போனால் ஸ்விட்ச் போடும் வித்தை, வீட்டுக்குள் நுழைவதற்குப் பல வருடம் முன்பே கிணற்று மேட்டுக்கு வந்துவிட்டது. நான் திருவண்ணாமலையில் ஒயரிங் வேலை செய்கிறவன். ‘ஸ்மார்ட் பிளக்’ என்ற பேர் டவுனில் யாருக்கும் தெரியாத காலத்திலேயே கலசப்பாக்கம், தண்டராம்பட்டு பக்கத்து மோட்டார் ஷெட்டுகளில் ‘செல் ஸ்டார்ட்டர்’ மாட்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்குப் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு இங்கே அம்மா வீட்டு கீசரைப் போடுகிற பிள்ளைகளுக்கு, அந்த ஷெட்டுகளில் கற்றுக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது.

இந்த மாவட்டத்து வெள்ளாமைக்குப் பெரும்பாலும் ஏரியும் கிணறும்தான் ஆதாரம். சாத்தனூர் அணைத் தண்ணீர் எல்லா ஊருக்கும் எட்டாது. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசம். ஆனால் மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். அது பகலில் சில மணி நேரம், ராத்திரியில் சில மணி நேரம் என்று முறை வைத்துத்தான் வந்தது. நடு ராத்திரி கரண்ட் வந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் நடக்கவேண்டும். பாம்பு, முள், மழைச் சேறு. அங்கே போய்ப் பச்சைப் பட்டனை அமுக்கிவிட்டு வீடு திரும்பிப் படுப்பதற்குள் கரண்ட் போயிருக்கும். கரண்ட் போனால் ஸ்டார்ட்டர் தானே விட்டுவிடும். மறுபடி வந்தாலும் யாராவது போய்ப் பட்டனை அமுக்கினால்தான் மோட்டார் ஓடும்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள கஷ்டம் இல்லை. புனேக்காரரான சந்தோஷ் ஓஸ்த்வால் என்ற பொறியாளர், தன் வயதான தாத்தா ராத்திரியில் மோட்டார் போட நடந்துபோவதைப் பார்த்து, 1990களிலேயே இதற்கு வழி தேடத் தொடங்கினார். அப்படி வந்ததுதான், செல்போனால் மோட்டாரைப் போடும் ‘நானோ கணேஷ்’ என்ற கருவி. 2009ல் நோக்கியா நடத்திய உலக அளவிலான போட்டியில் அதற்குப் பரிசு கிடைத்தது. பிறகு கோயம்புத்தூர்ப் பக்கத்திலும் இதே வேலையைச் செய்யும் பெட்டிகள் வந்தன. இப்போது நம் வேளாண்மைப் பொறியியல் துறையே இவற்றுக்கு மானியம் கொடுக்கிறது.

செல் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பெரிய மாயம் ஒன்றும் கிடையாது. ஒரு சிம் கார்டு, ஒரு சின்ன மூளை, இரண்டு ரிலே. ரிலே என்றால் காந்தத்தால் இழுபடும் ஒரு ஸ்விட்ச். சின்ன கரண்டைக் கொடுத்தால் அது பெரிய கரண்டின் பாதையைத் திறக்கும், மூடும். ஒரு ரிலேயைப் பச்சைப் பட்டனுக்குப் பக்கவாட்டிலும், இன்னொன்றைச் சிவப்புப் பட்டனின் பாதையிலேயும் சேர்த்துவிட்டால், மனுஷன் விரல் செய்வதைப் பெட்டி செய்யும். விவசாயி போன் போடுவார், எண்ணை அமுக்குவார், மோட்டார் ஓடும்.

ஆனால் பெட்டியின் உண்மையான பெருமை பட்டன் அமுக்குவதில் இல்லை. அது திருப்பிப் பேசும். மூன்று முனையும் வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். மோட்டார் இழுக்கிற கரண்டை அளந்து, நிஜமாகவே ஓடுகிறதா என்று தமிழிலேயே சொல்லும். கிணற்றில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமனே சுற்றினால் இழுக்கும் கரண்ட் குறையும். அதைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டுப் போன் பண்ணும். ஒரு முனை போய்விட்டால் மோட்டாரின் காயில் கருகுவதற்கு முன்னால் நிறுத்தும். கலசப்பாக்கத்துப் பெரியவர் ஒருவர், “எம் பையன் கூட இப்படி வெவரமா பதில் சொல்லமாட்டான் தம்பி” என்பார். ஒரே தொல்லை, அந்தப் பெட்டிக்கும் ரீசார்ஜ் பண்ணவேண்டும். வேலிடிட்டி முடிந்தால் இன்கமிங் கட்டாகிவிடும். “மோட்டாருக்குக் காசு போட்டியா?” என்று வீட்டில் கேட்பது இங்கே சாதாரணப் பேச்சு.

இடையில் ஒரு சங்கதி. செல் ஸ்டார்ட்டருக்குக் காசு இல்லாதவர்கள் ‘ஆட்டோ’ வைத்துக்கொள்கிறார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓட ஆரம்பித்துவிடும். வயலுக்குத் தண்ணீர் வேண்டுமோ வேண்டாமோ, கரண்ட் இருக்கிற வரைக்கும் ஓடும். ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ள எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பினால் வோல்டேஜ் படுத்துவிடும். கிணற்றுக்கும் கேடு, மோட்டாருக்கும் கேடு. எனக்கு அது பிடிக்காது. யார் கேட்டாலும் செல் ஸ்டார்ட்டர்தான் சொல்வேன்.

சரி, வீட்டுக்கு வருவோம். வீட்டு ஸ்விட்சைப் போனில் போடும்படி செய்யச் சொல்லி இப்போது என்னிடம் வருகிறவர்கள் இரண்டு வகை. பிள்ளைகள் வெளியூரில், அப்பா அம்மா இங்கே என்கிற குடும்பங்கள். அப்புறம் ரமணாசிரமம் பக்கத்தில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுச் சென்னையில் இருக்கும் வீட்டுக்காரர்கள். வாடகைக்கு வந்தவர் காலி பண்ணிப் போனபிறகும் கீசர் எரிந்துகொண்டிருக்கிறதே என்ற கவலை அவர்களுக்கு.

வீட்டு ஸ்விட்சைத் தூரத்திலிருந்து போடும் ஆசை பழையது. 1975லேயே ஸ்காட்லாந்தில் பிக்கோ எலெக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் ‘எக்ஸ்10’ என்ற முறையைக் கண்டுபிடித்தது. வீட்டுக்குள் ஓடும் கரண்ட் ஒயரிலேயே சைகையை அனுப்பும் ஏற்பாடு அது. அது வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். சாக்கெட்டில் செருகும் இன்றைய ஸ்மார்ட் பிளக், உலகத்தின் எந்த மூலையிலிருந்து சொன்னாலும் கேட்கும். 2014ல் ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரசிஃப் நிறுவனம் ‘இ.எஸ்.பி. 8266’ என்ற மிக மலிவான வைஃபை சில்லைக் கொண்டுவந்தபிறகுதான் இப்படிப்பட்ட சாமான்களின் விலை சாதாரண வீடுகளுக்கு எட்டியது.

பலர் கேட்கும் கேள்வி: என் வீட்டு வைஃபைக்குப் பாஸ்வேர்டு இருக்கிறது, வெளியிலிருந்து வரும் கட்டளை எப்படி உள்ளே நுழைகிறது? உள்ளே யாரும் நுழைவதில்லை. பிளக்தான் வெளியே கூப்பிடுகிறது. முதலாளிக்குப் போன் போட்டு, லைனைக் கட் பண்ணாமல் காதிலேயே வைத்துக்கொண்டு, “சொல்லுங்க சார்” என்று காத்திருக்கும் வேலையாள் மாதிரி, பிளக் தன் கம்பெனியின் சர்வரோடு எப்போதும் தொடர்பில் இருக்கும். நீங்கள் ஆப்பில் தொட்டதும் அது சர்வருக்குப் போகிறது. ஏற்கனவே திறந்திருக்கும் அந்த லைன் வழியாகப் பிளக்குக்கு வருகிறது. ரிலே ‘டக்’ என்கிறது.

இதில் நம் ஊர் போர்டுகளால் வரும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலான சாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் ஸ்விட்ச் கிடையாது. பிளக்கைச் செருகினால் எப்போதும் கரண்ட். நம் போர்டில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் ஒரு ஸ்விட்ச். படுக்கப் போகுமுன் எல்லா ஸ்விட்சையும் அணைப்பது நம் அம்மாக்களின் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. அதை அணைத்த நொடியில் ஸ்மார்ட் பிளக் செத்துப்போகும். பையன் பெங்களூரிலிருந்து எனக்குப் போன் பண்ணுவான்: “அண்ணா, பிளக் ஆஃப்லைன்னு காட்டுது.” நான் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, “ஸ்விட்சை அணைச்சீங்களாம்மா?” என்பேன். “அணைக்காம விடுவாங்களாப்பா?” என்பார். அதனால் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் நான் வெளியே செருகும் பிளக்கை மாட்டுவதில்லை. போர்டுக்குள், ஸ்விட்சுக்குப் பின்னால் ஒரு மாட்யூலை வைத்துவிடுவேன். அந்த அம்மா சுவரில் தட்டினாலும் வேலை செய்யும், பையன் போனில் தொட்டாலும் வேலை செய்யும். அதற்குப் போர்டில் நியூட்ரல் ஒயர் வேண்டும். சாக்கெட் உள்ள போர்டில் அது இருக்கும். பழைய வீடுகளில் லைட் ஸ்விட்ச் மட்டும் உள்ள பெட்டியில் சில சமயம் இருக்காது.

இப்போது அந்த மோட்டார் ஷெட் விஷயத்துக்கு வருகிறேன்: போட்டால் போதாது, ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். ஆப்பில் ‘ஆன்’ என்று பச்சையாகக் காட்டினால், ரிலேக்குக் கட்டளை போய்ச் சேர்ந்தது என்றுதான் பொருள். கீசர் சுடுகிறதா என்பது வேறு கேள்வி. உள்ளே எலிமென்ட் போயிருக்கலாம், கீசரின் சொந்த ஸ்விட்ச் அணைந்திருக்கலாம். பௌர்ணமி கிரிவலத்தில் 14 கிலோமீட்டர் நடந்துவிட்டு அம்மா வீட்டுக்கு வரும்போது வெந்நீர் இருக்கட்டும் என்று பையன் பாசத்தோடு போனில் தட்டியிருப்பான். வந்து குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர். அதனால் மின்சாரத்தை அளந்து காட்டும் பிளக்காக வாங்கச் சொல்வேன். கொஞ்சம் விலை கூட. ‘ஆன்’ என்று காட்டி, பக்கத்தில் சுமார் 2,000 வாட் என்று இருந்தால் கீசர் சுட்டுக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து பூஜ்யம் ஆனால் தெர்மோஸ்டாட் வெட்டியிருக்கிறது, தண்ணீர் தயார். முதல் நொடியிலிருந்தே பூஜ்யம் என்றால் என்னைக் கூப்பிடுங்கள்.

ஆம்பியர் கணக்கைப் பார்க்காமல் வாங்குகிறவர்கள் ரொம்ப பேர். 2,000 வாட் கீசர் 230 வோல்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். உடனே சுடவைக்கும் 3,000 வாட் கீசர் 13 ஆம்பியர். 10 ஆம்பியர் என்று போட்ட பிளக்கில் இரண்டாவதைச் செருகினால் பிளக் மெல்ல உருக ஆரம்பிக்கும். ஏ.சி., கீசருக்கு 16 ஆம்பியர்தான். வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கு அதுவும் போதாது. கிளம்பும் நொடியில் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அப்போது எழும் பொறியில் ரிலேயின் இரண்டு முனைகளும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் ஆப் ‘ஆஃப்’ என்று சொல்லும், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், மாடித் தொட்டி வழிந்துகொண்டிருக்கும். மோட்டாருக்கு நடுவில் ஒரு கான்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் ரிலே) வைத்து, ஸ்மார்ட் ரிலே அதை மட்டும் இழுக்கும்படி செய்யவேண்டும்.

அயர்ன் பாக்ஸையும் ஹீட்டர் கம்பியையும் போனில் போடும்படி கேட்டால் மறுத்துவிடுவேன். பக்கத்தில் ஆள் இல்லாமல் சூடாகக் கூடாத சாமான்கள் அவை. அணைப்பதற்கு மட்டும் என்பார்கள். அணைக்கத் தெரிந்த கை போடவும் செய்யும். அதோடு, கரண்ட் போய்த் திரும்பி வரும்போது பிளக் எந்த நிலையில் எழுந்திருக்கும் என்பது ஆப்பில் எங்கோ ஆழத்தில் இருக்கும் ஒரு செட்டிங். அணைந்தே எழலாம், எரிந்தே எழலாம், பழைய நிலைக்குத் திரும்பலாம். நம் ஊரில் கரண்ட் போகாத நாள் அபூர்வம். கீசர், மோட்டாருக்கு ‘அணைந்தே’ என்று நான் வைத்துவிட்டு வருவேன்.

சர்வரை நம்பியிருப்பதில் வேறு ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் ‘இன்ஸ்டியான்’ என்ற ஸ்மார்ட் ஸ்விட்ச் நிறுவனம் 2022 ஏப்ரலில் சொல்லாமல் கொள்ளாமல் சர்வரை நிறுத்திவிட்டது. வாடிக்கையாளர்களின் ஆப் ஒரே நாளில் உயிரற்றுப்போனது. பிறகு வாடிக்கையாளர்களில் சிலரே சேர்ந்து அந்த நிறுவனத்தை வாங்கி உயிர் கொடுத்தார்கள். இன்னொரு ஆபத்து பாஸ்வேர்டு. 2016ல் ‘மிராய்’ என்ற கெட்ட நிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்டிருந்த லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து, பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கியது. பாஸ்வேர்டை மாற்றச் சொன்னால் சலித்துக்கொள்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்வேன். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் வீட்டு வைஃபைக்குள்ளேயே வேலை செய்யும் பிளக்குகள் உண்டு. எனக்கு அவைதான் பிடிக்கும். மகாதீபத்தன்று இங்கே வந்து பார்த்தால் ஏன் என்று புரியும். அத்தனை ஜனத்தில் போன் சிக்னலே திணறும்.

அடுத்து வரப்போவது ஸ்மார்ட் மீட்டர். சென்னை தியாகராய நகரில் முன்னோட்டமாக மாட்டியாயிற்று. அதற்குள்ளும் ஒரு ரிலே உண்டு, அந்த ரிலேயின் கட்டளை மின்வாரியத்தின் கையில். பில் கட்டாத வீட்டுக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு ஆள் வரவேண்டியதில்லை.

என் வேலை முடிந்ததும் மூன்று சோதனை பண்ணாமல் கிளம்பமாட்டேன். மெயினை அணைத்துப் போட்டுப் பிளக் எப்படி எழுகிறது என்று பார்ப்பேன். ரவுட்டரை அணைத்துவிட்டு, சுவர் ஸ்விட்ச் கேட்கிறதா என்று வீட்டுக்காரம்மாவைத் தட்டச் சொல்வேன். கடைசியாக, அவர்கள் போனில் வைஃபையை அணைத்துவிட்டுத் தெருமுனைக்குப் போய் ஆன் பண்ணச் சொல்வேன். நான் உள்ளே சாமானில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்பேன். இதற்குத் தனியாகக் கூலி எழுதினால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எழுதத்தான் செய்கிறேன்.