எங்களைக் கவனிக்காத சாரதிகள்

கள வேலைக்காக ஏ-9 வீதியில் தினமும் மோட்டார் சைக்கிள் ஓடுகிறேன். 2009க்குப் பின்னர் வன்னியில் குடும்பத்தைத் தனியே சுமக்கும் சகோதரிகள் பலர் வேலைக்கும் சந்தைக்கும் இப்படித்தான் போய்வருகிறார்கள். உங்களுக்கு நான் சொல்வது ஒன்றே: சாரதி உங்களைக் கவனிக்கவில்லை என்று நினைத்தே ஓடுங்கள்.

முன்னால் போகும் வாகனத்தின் பக்கக் கண்ணாடியில் சாரதியின் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால், அவருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வினாடிக்குள் ஏறத்தாழ 14 மீற்றர் கடந்துவிடுவோம். ஆகவே குறைந்தது 2 வினாடி இடைவெளி விடுங்கள். மழையில் அதனை இரட்டிப்பாக்குங்கள். நிறுத்திய வாகனத்தைக் கடக்கும்போது, கதவு திறந்தாலும் முட்டாத தூரத்தில் செல்லுங்கள். பஸ்ஸை இடப்பக்கத்தால் முந்தாதீர்கள்; ஆட்கள் இறங்குவது அந்தப் பக்கத்தால்தான். ஒழுங்கையிலிருந்து வெளிவரும் வாகனத்தின் முன்சில்லைக் கவனியுங்கள். அது உருளத் தொடங்கினால் வேகத்தைக் குறையுங்கள். சாரதி கைத்தொலைபேசியில் கதைத்தபடி ஓடுகிறாரா? விலகி வழிவிடுங்கள்.

"பிழை அவருடையதுதானே?" என்று சில சகோதரிகள் கேட்கிறார்கள். உண்மைதான். ஆனால், உழைக்கும் கை ஒன்றே உள்ள வீட்டில் அந்தக் கை முறிந்தால் அடுப்பு எரியாது. நியாயம் நம் பக்கம் இருந்தால் மட்டும் போதாது. தலைக்கவசத்தின் பட்டியை இறுக்கிப் பூட்டி, நாம் பத்திரமாக வீடு திரும்பவும் வேண்டும்.